ரிட்டர்ன் டிக்கெட்

"மூச்சை இழுங்க. புடிங்க. அப்டியே புடிங்க... ம், விடுங்க."

கரையான்சாவடி பிரதான சாலையில், கீழே செருப்புக் கடையும் மாடியில் எக்ஸ்ரே அறையுமாக ஒரு ஸ்கேன் சென்டர் இருக்கிறது. அதன் படிக்கட்டில் கால் வைத்தாலே முன்பெல்லாம் இந்தக் குரல் கேட்கும். திங்கள் முதல் சனி வரை பூந்தமல்லிக்காரர்களை மூச்சைப் பிடிக்கச் சொன்னவர், ஞாயிற்றுக்கிழமை படகில் எங்களிடம் சொன்னது நேரெதிர்: "இன்னா ஆனாலும் மூச்சைப் புடிக்கக் கூடாது சார்." சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி கடலுக்கடியில் இருப்பவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே எழுந்தால், உள்ளே காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஸ்கூபா பழக வருகிறவர்களுக்கு முதல் வகுப்பில் சொல்லும் முதல் விதி இது.

இப்போது அந்தப் படிக்கட்டில் வேறு குரல் கேட்கிறது. சென்ற மாதம் அந்தப் பக்கம் போனபோது வரவேற்பில் விசாரித்தேன். "அவங்க நின்னுட்டாங்க சார்" என்றார்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவருடைய பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. தன்னைப் பற்றிக் கேள்வி வருவது அவருக்குப் பிடிக்காது. பெயர் இருந்தால் கேள்வியும் வரும்.

எனக்குக் கரூர்ப் பக்கம். வேலை, காப்பீட்டு நிறுவனத்தில் விபத்து இழப்பீட்டு விண்ணப்பங்களைப் படிப்பது. மனிதர்கள் எப்படியெல்லாம் சாகலாம் என்று நாள் முழுதும் படித்துவிட்டுத் திருநின்றவூருக்கு மின்சார ரயில் ஏறுகிறவன் நாற்பது வயதுக்கு மேல் எதற்காக ஸ்கூபா பழகினான் என்பது என் மனைவிக்கு இன்றுவரை விளங்கவில்லை. "பக்கத்துலயே ஏரி இருக்கு. அதுல முங்கி எந்திரிச்சா பத்தாதா?" என்பாள். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். லிஃப்டுக்குப் பயம், மேம்பாலத்துக்குப் பயம். ஒரு தடவையாவது பயத்தின் அடிவரை போய்த் திரும்பி வர வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

பதினெட்டு மீட்டர் வரை இறங்கலாம் என்று ஓர் அட்டை கொடுத்தார்கள். அதற்கும் கீழே போக இன்னொரு வகுப்பு, இன்னோர் அட்டை. இரண்டையும் வாங்கிய பிறகுதான் எனக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்தது. மிச்சத்தை உடன் இறங்குகிறவர்களிடம் பார்த்துப் பார்த்துத்தான் கற்க வேண்டும். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் யாரும் என்னோடு இறங்கத் தயாராக இல்லை. பெரிய கேமராவோடு வரும் ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பயத்துலயே காத்தைக் குடிச்சுத் தீத்துடுவீங்க. உங்களுக்காக நான் பாதியில மேல வரணும்."

அதைக் கேட்டுக்கொண்டே அதே படகில் உட்கார்ந்திருந்தவர் டில்லிபாபு. மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர். நானும் அவரும் ஒரே ரயில் பாதைக்காரர்கள் என்று தெரிந்ததும் நெருங்கி உட்கார்ந்தார்.

"வுடு சார் அவன. நம்ம பக்கத்துலயே ஒரு ஆளு கீது. பூந்தமல்லி, பாய் வூட்டுப் பொண்ணு. தண்ணில அது மாரி ஆளு நான் பாத்ததேயில்ல. ஆனா ஒண்ணு..."

"என்ன?"

"அதுக்கு நாங்க வெச்சிருக்கற பேரே ரிட்டர்ன் டிக்கெட். எறங்கறதுக்கு முன்னாடியே திரும்பறதுக்கு ரெடியா நிக்கும்."

ஸ்கேன் சென்டர் குரலுக்குச் சொந்தக்காரரான அவர், காரை எங்கே நிறுத்தினாலும் மூக்கு வெளியே பார்க்கத்தான் நிறுத்துவார். ஹோட்டலில் வாசல் பக்கத்து மேசையில்தான் உட்காருவார். கடலுக்குப் போகும் வழியில் ஒரு வார்த்தை பேச மாட்டார். திரும்பும் வழியில் பேச்சை நிறுத்த மாட்டார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். முதல் சந்திப்பில் நான் "மேடம்" என்றதும் சிரித்துவிட்டார்.

"மேடம்லாம் எதுக்கு சார்? உள்ள போனா வாயே தொறக்க முடியாது. ரெண்டே விஷயம். நான் கட்டைவிரலத் தூக்கினா மேல வரணும். ஏன்னு கேக்கக் கூடாது. தண்ணில கேக்கக் கூடாது, போட்ல ஏறின பொறவு கேக்கக் கூடாது, ஊட்டுக்குப் போயி போன் போட்டும் கேக்கக் கூடாது. நீங்க தூக்கினா நானும் கேக்க மாட்டேன்."

நீருக்கடியில் கட்டைவிரலை உயர்த்தினால் 'போதும், மேலே போகலாம்' என்று பொருள். பார்த்தவர் தானும் உயர்த்திக் காட்ட வேண்டும். உடனே இருவரும் எழ வேண்டும். யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், காரணம் இல்லாமலும் உயர்த்தலாம். உலகம் முழுக்க இதுதான் விதி என்று படித்திருக்கிறேன். ஆனால் படகில் ஏறியதும் எல்லோரும் கேட்பார்கள். "இன்னாச்சு? காதா? காத்தா?" அவர் ஒருவர்தான் அந்த விதியை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டிருந்தார்.

மழைக்காலத்தில் கடல் கலங்கிவிடும். அந்த மாதங்களில் பயிற்சி, அம்பத்தூர் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தில். டில்லியின் வாடிக்கையாளர் ஒருவர் அனுமதி வாங்கிக் கொடுத்தார். கழுத்தளவு தண்ணீரில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு உட்காரும் எங்களைக் காவலாளி தினம் ஒரு தடவை வந்து பார்ப்பார். "இன்னா சார், இன்னும் வெளிய வரல? உள்ள யாராவது வாடகைக்கு ஊடு குடுத்துட்டாங்களா?"

முகக்கண்ணாடியைக் கழற்றி மாட்டுவது, வாயில் கவ்வியிருக்கும் மூச்சுக் கருவியை விட்டுவிட்டுத் தேடி எடுப்பது, இன்னொருவருடைய காற்றைச் சுவாசிப்பது எல்லாம் வந்துவிட்டன. பிறகு ஒரு நாள் சொன்னார்: "இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு. கீழ போய் உக்காருவோம். ஒங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப கட்டைவிரலத் தூக்குங்க. காரணம் இருக்கக் கூடாது."

எவ்வளவு சுலபம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே அவர் கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். தூக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் 'எதற்காக?' என்று ஒரு கேள்வி வந்தது. கால் பிடித்துக்கொள்ளட்டும் என்று காத்திருந்தேன். பிடிக்கவில்லை. குளிரட்டும் என்று காத்திருந்தேன். மேலே குழந்தைகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் காற்றளவு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டபோதுதான் விரலைத் தூக்கினேன். அதுவும் காரணத்தோடு.

தலையைத் துவட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "காத்து தீர்ற வரைக்கும் காரணம் தேடினீங்க சார்." சொன்ன விதத்தில் கேலி இல்லை.

ஆழ்கடலில் அவரோடு இறங்கத் தொடங்கிய பிறகு நான் பயப்பட்டது கடலுக்கு இல்லை, அவருடைய விரலுக்கு. எப்போது எழும், எதற்கு எழும் என்று தெரியாது. சிலவற்றுக்குக் காரணம் பின்னால் தானாக வெளியே வந்தது. ஒரு விடியற்காலை, வெளிவட்டச் சாலைச் சுங்கச்சாவடிக்கு முன்பே காரை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் கட்டைவிரலைக் காட்டினார். கார் பூந்தமல்லிக்கே திரும்பியது. பின்சீட்டில் டில்லி வழியெல்லாம் புலம்பினார்: "ரோட்லயே ரிட்டனா? தண்ணியப் பாக்காமயே ரிட்டனா? ஏன்க்கா, அடுத்த வாட்டி ஊட்டு வாசல்லயே வெரலக் காட்டிடு, டீசலாவது மிஞ்சும்." அடுத்த வாரம் டில்லியே என் காதில் கிசுகிசுத்தார்: "அன்னிக்கு எனக்கு மூக்கு அடைச்சிருந்துச்சு சார். மாத்திரை போட்டுகினு வந்தேன். ஒரு தும்மல்கூட தும்மல. அதுக்கு எப்டித் தெரிஞ்சுச்சு?" அடைத்த மூக்கோடு ஆழம் போனால் செவிப்பறை போய்விடும். இப்படிச் சில. மற்றவை இன்றுவரை காரணமில்லாமல் நிற்கின்றன. தேதியும் காரணமும் சேர்த்து வைத்துக்கொள்ளாவிட்டால் தூக்கம் வராத ஆள் நான். தேதிகள் இருக்கின்றன.

ஒரு முறை, மூழ்குவதற்கு எடைகள் கோத்த இடுப்புப் பட்டை ஒன்றை வாங்கிக்கொள்ள அவருடைய ஸ்கேன் சென்டருக்குப் போனேன். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து முடித்த ஒரு ஆட்டோக்காரர், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "இன்னா கண்ணு தெரியுது? கெட்டதா?" என்று கேட்டார்.

"டாக்டர் சொல்வார் நைனா."

"நீ பாத்துட்டல்ல? மூஞ்சிலயாச்சும் காட்டேன்."

"மூஞ்சில இன்னா கீது? பசிதான் கீது. நீங்க போய் சாப்ட்டு வாங்க."

ஆட்டோக்காரர் சிரித்துக்கொண்டே போனார். படமெடுத்தவர் திரும்பித் திரையில் இருந்த படத்தைப் பார்த்தார். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. நாளெல்லாம் பிறர் நெஞ்சுக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டு முகத்தில் காட்டாமல் இருந்து பழகியவர். இவர் தண்ணீருக்கடியில் என்னைப் பார்க்கும்போது என்ன பார்க்கிறார் என்ற கேள்வி அன்றைக்குத்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

புதுச்சேரிக்கு வெளியே, முப்பது மீட்டர் ஆழத்தில் ஒரு பாறை முடிந்து சட்டென்று கீழே விழுகிறது. விளிம்பில் நின்றால் எதிரே வெறும் நீலம். நாங்கள் அதை பால்கனி என்போம். டில்லி பார்த்திருக்கிறார், கேமராக்காரர் பார்த்திருக்கிறார். எங்களில் மிகத் தேர்ந்தவரான அவர் பார்த்ததில்லை. பல தடவை வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறார். எனக்கு அந்த விளிம்பில் ஒரு தடவை நின்றுவிட வேண்டும். அதுவும் அவர் பக்கத்தில் இருக்கும்போது. கற்றுக்கொண்டேன் என்பதற்கு எனக்கு வேறு அத்தாட்சி தெரியவில்லை.

ஒரு வருடம், ரம்ஜான் நோன்பு தொடங்குவதற்கு முந்தைய மாசியில் மூவரும் போனோம். தண்ணீர் அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். உடம்பு லேசாக இருந்தது. எல்லாம் அழகாகத் தோன்றியது. பால்கனிக்கு இன்னும் சில மீட்டர். அப்போது அவர் என் முகத்துக்கு நேராக வந்து, ஒரு கணம் பார்த்துவிட்டு, கட்டைவிரலை உயர்த்தினார்.

படகில் ஏறியதும் டில்லி வெடித்தார். "காத்து பாதிக்கு மேல கீது. தண்ணி கண்ணாடி மாரி கீது. யாருக்கும் ஒண்ணும் ஆவல. இன்னாத்துக்குக்கா? ஒரு வார்த்த சொல்லேன்!"

அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஆழத்திலிருந்து வந்ததும் ஆரஞ்சு சாப்பிடுவது அவர் வழக்கம். தோலைக் கடலில் போடாமல் பையில் போட்டுக்கொள்வார். ஒரு சுளையை டில்லியிடம் நீட்டினார். டில்லி வாங்கவில்லை. "ஒங்கூட இனிமே நான் வர்ல" என்று படகின் மறுமுனைக்குப் போய்விட்டார். சொன்னபடி அதற்குப் பிறகு அவர் எங்களோடு வரவில்லை.

திரும்பும் வழியெல்லாம் என்னை நானே சோதித்துக்கொண்டிருந்தேன். ஆழத்தில் நைட்ரஜன் மூளையை மயக்கும், குடித்தவன் போல ஆகிவிடுவான், ஆனவனுக்குத் தெரியாது. நான் சிரித்துக்கொண்டிருந்தேனா? கயிற்றை விட்டுவிட்டேனா? திண்டிவனம் வரை பொறுத்தேன்.

"நான்தானே?" என்றேன். "அதை மட்டும் சொல்லுங்க. என்னாலதானே?"

அவர் காரின் வேகத்தைக் குறைத்து இடது ஓரத்துக்கு வந்தார்.

"சார், இப்ப நான் சொல்லிடுவேன். ஒண்ணுமில்ல. ஆனா அடுத்த வாட்டி கீழ வெரலத் தூக்கும்போது, 'மேல போனா இவரு கேப்பாரே, இன்னா பதில் சொல்றது'ன்னு ஒரு நொடி யோசிப்பேன். அந்த நொடிய எனக்கு வெக்காதீங்க."

அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. ஆனால் கேள்வி போகவில்லை. அலுவலகத்தில் விண்ணப்பம் படிக்கும்போது, ரயிலில் கதவோரம் நிற்கும்போது, அவர் என் முகத்துக்கு நேராக வந்து பார்த்த அந்த ஒரு கணம் திரும்பத் திரும்ப வந்தது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்த அந்த டிசம்பரில் டில்லியின் பட்டறையும் மூழ்கியது. அவர் இயந்திரங்களைக் காயவைத்துக்கொண்டிருந்தார். மழை ஓய்ந்து கடல் தெளிந்தபோது, மாசி மகத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, டில்லி இல்லாமல் நானும் அவரும் மட்டும் பால்கனிக்குப் போனோம்.

இந்த முறை அவர் நிற்கவில்லை. கயிறு முடியும் இடத்தில் கொஞ்சம் தயங்குவார் என்று எதிர்பார்த்தேன், இல்லை. கீழே பாறை தெரிந்தது. அதற்கப்பால் கருநீலமாக ஒரு கோடு. அவர் அதைக் கையால் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, விரல்களை வளையமாக்கி, 'நலமா?' என்று கேட்டார். நானும் வளையம் காட்டினேன். மறுபடியும் அதையே கேட்டார். அது கேள்வி இல்லை, மகிழ்ச்சி என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய கண்கள் சுருங்கியிருந்தன. கடலுக்கடியில் அவர் சிரித்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

அப்போதுதான் அது வந்தது. எது என்று சொல்லத் தெரியவில்லை. முள்ளைப் பார்த்தேன், காற்று இருந்தது. காது வலிக்கவில்லை. மூச்சு சீராக இருந்தது. கால், கை, கண்ணாடி, கயிறு எல்லாம் சரி. ஆனாலும் போதும் என்று ஏதோ சொன்னது. விண்ணப்பத்தில் காரணத்துக்கான கட்டத்தைத் தேடுவது போல என் உடம்பெல்லாம் தேடினேன். அவர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். நாலு உதை உதைத்தால் விளிம்பு. இத்தனை வருடம் வாசலோடு திரும்பியவர். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம், அவர் பார்த்துவிடட்டும் என்று நினைத்தபோது, அம்பத்தூர்க் குளத்தின் நீலச் சதுர ஓடுகள் நினைவுக்கு வந்தன. நான் மறுபடியும் காரணம் தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் காலில் மாட்டியிருந்த துடுப்பைத் தொட்டேன். திரும்பினார். கட்டைவிரலை உயர்த்தினேன்.

இமைக்கும் நேரம்கூட எடுக்கவில்லை. அவருடைய விரலும் உயர்ந்தது. பால்கனிப் பக்கம் அவர் திரும்பிப் பார்ப்பாரா என்று கவனித்தேன். பார்க்கவில்லை. மேலே வரும் வழியெல்லாம், உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேறக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஐந்து மீட்டரில் காத்திருந்த நேரமெல்லாம், என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

படகில் ஆரஞ்சைப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தார்.

"உங்களுக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்துச்சு" என்று தொடங்கினேன். "எனக்கு என்னன்னா..."

"சார்." கையை நீட்டி நிறுத்தினார். "கேக்கறதும் தப்பு, சொல்றதும் தப்பு. தண்ணி நல்லா இருந்துச்சு இல்ல?"

"இருந்தது."

"அவ்ளோதான். சாப்பிடுங்க."

திரும்பும் வழியில் வழக்கம்போலப் பேசிக்கொண்டே வந்தார். அம்மாவின் சர்க்கரையைப் பற்றி, கரையான்சாவடி நெரிசலைப் பற்றி, ஸ்கேன் சென்டரில் புதிதாக வந்த இயந்திரத்தைப் பற்றி.

அடுத்து நோன்பு மாதம். அந்த மாதம் அவர் கடலுக்கு வருவதில்லை. அதனால் வராததை நான் பெரிதாக எண்ணவில்லை. பெருநாள் முடிந்து அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அவர் வரவில்லை. செய்தி அனுப்பினால் 'பார்க்கலாம் சார்' என்று பதில் வந்தது. டில்லி எனக்குப் போன் செய்தார். கோபம் போய், குரலில் கவலை இருந்தது.

"இன்னா சார், ரிட்டன் டிக்கெட்டு ஆளையே காணோம்? நீ போய் பாரேன். நான் போனா சண்டைக்குப் போற மாரி இருக்கும்."

ஒரு சனிக்கிழமை மதியம் போனேன். மாடியில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். கதிர்வீச்சைத் தடுக்கும் கனத்த அங்கியோடு அவர் வெளியே வந்து, என்னைப் பார்த்ததும் படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கினார்.

"நானே சொல்லணும்னு இருந்தேன். இனிமே நான் வரல சார்."

"இந்த சீசனா?"

"இல்ல. இனிமே."

நான் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. எப்போதும்போல. ஆனால் படித்துப் படித்துப் பழகிய என் கண் நிற்கவில்லை. முழங்கையின் உள்பக்கம் ஒரு சிறிய வட்டப் பிளாஸ்திரி. ரத்தம் எடுத்ததாக இருக்கலாம். ரத்தம் கொடுத்ததாக இருக்கலாம். அம்மாவுக்காக எங்காவது போய் வந்ததாக இருக்கலாம். இனிமேல் வரப்போவதில்லை என்பது மாசி மகத்துக்கு மறுநாளே அவருக்குத் தெரியுமா? அதனால்தான் அன்றைக்கு நிற்காமல் போனாரா? அது கடைசி என்று தெரிந்தும்தானா, நான் விரலைத் தூக்கியவுடன் தானும் தூக்கினார்? கேள்விகள் வாய்வரை வந்துவிட்டன.

அவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். அங்கிக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்து, மார்புக்கு நேராக, கட்டைவிரலை உயர்த்தினார்.

பார்த்தவர் தானும் உயர்த்த வேண்டும். யோசிக்கக் கூடாது. என் கையில் வண்டிச் சாவி இருந்தது. அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டு உயர்த்தினேன். எவ்வளவு நேரம் எடுத்தேன் என்று தெரியவில்லை. அவர் எடுத்ததைவிட அதிகம்.

தலையை அசைத்துவிட்டு உள்ளே போனார். "அடுத்து யாருங்க? வளையல்லாம் கழட்டிடுங்கம்மா."

நான் படியிறங்கத் தொடங்கினேன். பின்னால் கதவு சாத்தும் சத்தம். பிறகு அந்தக் குரல்.

"மூச்சை இழுங்க. புடிங்க. அப்டியே புடிங்க..."

பாதிப் படியில் நின்றுவிட்டேன். கீழே சாலையில் ஒரு தண்ணீர் லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே கடந்து போனது. அது போன பிறகும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மூச்சை விடச் சொன்னாரா என்பது எனக்குக் கேட்கவில்லை.